ஏழு மில்லிமீட்டர்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

போனில் சொன்னால் நீ பாதியிலேயே "சரி, சரி" என்பாய். அதைக் கேட்டால் எனக்கு மீதி வராது. அதனால்தான் எழுதுகிறேன். மூன்று வருஷமாக நாம் இருவரும் பேசிக்கொண்டதை எல்லாம் சேர்த்தால் ஒரு பக்கம் தேறாது. இந்தக் கடிதத்தோடு அந்தக் கணக்கு நேராகிவிடும்.

என் பித்தப்பைக்குள் ஏதோ முளைத்திருக்கிறதாம்.

சாப்பிட்டதும் மேல்வயிறு எரிகிறது என்று டாக்டரிடம் போனேன். வாயுவுக்கு மாத்திரை தருவார், வாங்கிக்கொண்டு கடைக்குத் திரும்பிவிடலாம் என்று, அன்றைக்குக் கொடுக்க வேண்டிய மூன்று மூக்குக்கண்ணாடிகளையும் லென்ஸ் உரசுகிற மிஷின் பக்கத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். எதற்கும் ஒரு ஸ்கேன் என்றார். மறுநாள் காலையில் வெறும் வயிற்றோடு போய்ப் படுத்தேன். ஸ்கேன் எடுத்தது சின்னப் பெண். ஜில்லென்று கூழைத் தடவி, வலது விலாவுக்குக் கீழே கருவியை அழுத்திக்கொண்டு, என் கண்ணாடி ஃபிரேம் எங்கே வாங்கியது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டாள்.

தம்பி, அந்த நிறுத்தம் இருக்கிறதே, அதை எப்படி எழுதுவது? ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி நின்ற மாதிரி இருந்தது.

"இடது பக்கம் திரும்பிப் படுங்கம்மா," என்றாள். திரும்பினேன். மறுபடி அழுத்திப் பார்த்தாள். "கல்லுன்னா உருளும். இது உருளல. சுவத்துல ஒட்டிக்கிட்டு நிக்குது."

"எது?"

"டாக்டர் சொல்லுவாரு."

துடைத்துக்கொள்ளக் கொடுத்த காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே சட்டையை இறக்கி, கூழோடு வெளியே வந்து உட்கார்ந்துவிட்டேன்.

பாலிப் என்று பெயராம். ஏழு மில்லிமீட்டர். நாள் முழுக்க மில்லிமீட்டரில் பிழைக்கிறவள் நான். கண்ணாடியில் மூக்குமேல் உட்காருகிற அந்த ரப்பர் துண்டில் பாதிதான் அது. அதற்குப் போய் இந்தப் பாடு.

சர்ஜன் பொறுமையானவர். "பத்து மில்லிமீட்டரைத் தொட்டா யோசிக்கவே மாட்டோம், பையோட எடுத்துடுவோம். அஞ்சுக்குக் கீழன்னா பெரும்பாலும் விட்டுடுவோம். உங்களுது நடுவுல நிக்குது. அநேகமா இது வெறும் கொழுப்புத் துணுக்குதான். உங்க எரிச்சலுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, அது வயித்துப் புண்ணு. ஆனா எப்பவோ ஒண்ணு வளர்ந்து புத்துநோயா மாறுறதும் உண்டு. அதனால வளருதா இல்லையான்னுதான் பாக்கணும். பழைய ஸ்கேன் ஏதாச்சும் இருக்கா?"

இல்லை என்றேன்.

"அப்ப ஆறு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம். அதுவரைக்கும் மனசு கேக்கலன்னா, எடுத்துடலாம்."

உன் மாமா, வீட்டைக் காலி செய்யாத ஆளைப் பற்றிப் பேசுவது போல, "அந்தப் பையே இல்லாம வாழலாமாமே, அப்புறம் எதுக்கு வச்சுக்கிட்டு?" என்கிறார். கட்டிக்கொண்டவர் சொல்லிவிட்டு டிவி பார்க்கப் போய்விடுகிறார். நான்தான் விலாவில் கையை வைத்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.

நீ எவ்வளவோ பார்த்தவன். ஆஸ்பத்திரி நாற்காலியில் பயப்படாமல் எப்படி உட்காருவது என்று உனக்குத்தான் தெரியும். உன் வீட்டுக்காரி சிட்டுவிடம் விசாரித்ததாகச் சொல்.

அக்கா

மார்ச் 10

அக்கா,

கடிதம் மதியம் வந்தது. படித்துவிட்டு வேலைக்குப் போனேன். முதல் அழைப்பே, ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவே லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு அம்மா. கிட்னி கெட்ட பிறகு என்னை லிஃப்ட் குழிக்குள் இறங்க விடாமல் இந்த போன் நாற்காலியில் உட்கார வைத்தார்களே, அதில் ஒரு லாபம். பதறுகிறவர்களிடம் எப்படிப் பேசுவது என்று பழகிவிட்டது. உன்னிடமும் அதையே சொல்கிறேன். கதவைத் தள்ளாதே. தரையில் உட்கார். மூச்சை மெதுவாக விடு. ஆள் வந்துகொண்டிருக்கிறது.

இப்போது நான் கேட்பதற்குப் பதில் சொல். பழைய ஸ்கேன் இல்லை என்று ஏன் சொன்னாய்?

நாலு வருஷத்துக்கு முன்னால், எனக்குக் கிட்னி கொடுப்பதற்காக இங்கே பரிசோதனைக்கு வந்தாயே. மூன்று நாள் ரத்தம், ஸ்கேன், இதயம் என்று ஒன்று விடாமல் பார்த்தார்கள். மூன்றாம் நாள் வெளியே வந்து நீ சொன்னது எனக்கு ஓர் எழுத்து மாறாமல் ஞாபகம் இருக்கிறது. "வயித்துல ஏதோ இருக்காம்டா. ஸ்கேன்ல தெரியுதாம். அதனால நான் கொடுக்க முடியாதாம்." அதைச் சொல்லும்போது உன் உதடு நடுங்கியது.

அதுதானே இது! அன்றைக்கே பார்த்திருக்கிறார்கள். அப்படியானால் அன்றைக்கு எத்தனை மில்லிமீட்டர் என்றும் எழுதியிருப்பார்கள். உன் டாக்டருக்கு வேண்டியது அந்த ஒரு எண்தான். ஆஸ்பத்திரி இங்கிருந்து நாலு பஸ் நிறுத்தம். நானே போய் வாங்கி அனுப்புகிறேன். நீ ஒன்றும் செய்ய வேண்டாம்.

தம்பி

மார்ச் 15

தம்பி,

உனக்கு எதற்கு அலைச்சல்? நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மாத்திரை சாப்பிடுகிறவன் ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் போய் நிற்கலாமா? சளி பிடித்தால் யார் பொறுப்பு?

நாலு வருஷத்துக் காகிதம் யார் வைத்திருப்பார்கள்? வைத்திருந்தாலும் அது வேறு மாதிரி ஸ்கேன். அப்போது அவர்கள் சொன்னது இதைத்தானா என்று எனக்கே சரியாக ஞாபகம் இல்லை. ஈரல் பக்கம் என்றார்களோ, குடல் என்றார்களோ.

எப்படியும் எடுத்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். ஏப்ரல் ஒன்பது தேதி கொடுத்திருக்கிறார்கள். நாலு சின்னத் துளை, மறுநாள் வீடு. நிம்மதியாகப் போய்விடும். கடையிலும் சொல்லிவிட்டேன். அதனால் நீ எங்கும் போகாதே. இந்த விஷயத்தை இதோடு விடு.

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. சிட்டு இன்னும் கனமான சாமான் எதையும் தூக்குவதில்லையே? தூக்க விடாதே.

அக்கா

மார்ச் 21

அக்கா,

உனக்கென்ன பைத்தியமா?

ஒரு காகிதத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் விஷயத்துக்கு வயிற்றில் நாலு ஓட்டை போட்டுக்கொள்கிறேன் என்கிறாய். ஊசி என்றாலே எட்டு ஊருக்கு அந்தப் பக்கம் ஓடுகிறவள் நீ. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட வந்தபோது, எனக்கு ஏற்கெனவே போட்டாயிற்று என்று பொய் சொல்லி மரத்தடியில் ஒளிந்துகொண்டவள். திடீரென்று கத்திக்கு இவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது?

மாமாவுக்கு போன் செய்தேன். பழைய ஸ்கேன் ஒன்று இருப்பதே அவருக்கு ஞாபகம் இல்லை. நான் சொன்னதும் நேரே உங்கள் சர்ஜனிடம் போய்ச் சொல்லிவிட்டார். அந்த ஆள் நியாயமானவர். "அது கையில இருந்தா நான் ஏன் இப்ப அறுக்கப் போறேன்? முதல்ல அதக் கொண்டாங்க"ன்னு சொல்லிவிட்டாராம். உன் ஏப்ரல் ஒன்பது இப்போது தொங்கலில் இருக்கிறது.

ஆஸ்பத்திரி பதிவேட்டு அறையில் கேட்டுவிட்டேன். எல்லாம் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அது உன் காகிதம் என்பதால் நீ கையெழுத்துப் போட்டால்தான் என்னிடம் கொடுப்பார்கள். படிவத்தை வைத்து அனுப்புகிறேன். பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்து. அவ்வளவுதான். இதைக்கூடச் செய்யாவிட்டால் நானே பஸ் ஏறி வந்து உன் கையைப் பிடித்துப் போட வைப்பேன்.

நாலு வருஷமாக உனக்கு நான் எதுவும் செய்ததில்லை. இதையாவது செய்ய விடு.

தம்பி

மார்ச் 27

தம்பி,

கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உன் மாமா பக்கத்திலேயே நின்று வாங்கிக்கொண்டார், தபாலிலும் அவரே போடுகிறாராம்.

படிவத்தில் "ஸ்கேன் தாள் மட்டும்" என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். அதை மட்டும் கேள். உறையில் போட்டு ஒட்டித் தரச் சொல். நீ பிரிக்க வேண்டாம், அப்படியே அனுப்பு. டாக்டர்கள் எழுதுவது நமக்கு என்ன புரியப்போகிறது?

நான் சொல்வதை இந்த ஒரு தடவை கேள்.

அக்கா

ஏப்ரல் 3

ஸ்கேன் தாள் இதோடு இருக்கிறது. பித்தப்பை, ஏழு மில்லிமீட்டர் என்று போட்டிருக்கிறது. உன் டாக்டரிடம் காட்டு.

பதிவேட்டு அறையில் இருந்த அம்மா நீ போட்ட அடிக்கோட்டைப் பார்க்கவில்லை. முழுக் கட்டையும் தூக்கிக் கொடுத்துவிட்டார். படித்தேன்.

ஏப்ரல் 11

தம்பி,

நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதையும் படித்தால் கிழித்துவிடுவேன் என்பதால் திருப்பிப் பார்க்காமல் எழுதுகிறேன்.

நீ கேட்காவிட்டாலும் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். சர்ஜன் இரண்டு ஸ்கேனையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "அதே இடம், அதே அளவு. நாலு வருஷத்துல நூல் அளவுகூட வளரல. இதுக்கு எதுக்கும்மா கத்தி?" என்றார். ஏப்ரல் ஒன்பதை அடித்துவிட்டார். ஆறு மாதத்தில் இன்னொரு ஸ்கேன், அதிலும் இப்படியே இருந்தால் விட்டுவிடலாமாம். உன் மாமா அங்கேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உன் தம்பிக்கு உடனே போன் பண்ணு" என்றார். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தத் தாளில் அச்சடித்திருந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. "பித்தப்பையில் 7 மி.மீ. சிறு வளர்ச்சி. தானத்துக்குத் தடையில்லை." தேதி, நான் உன்னிடம் பொய் சொன்ன அதே நாள். இது எனக்குத் தெரியாது தம்பி. சத்தியமாகத் தெரியாது. ஸ்கேன் முடிவு வருவதற்கு முன்னாலேயே நான் வெளியே வந்துவிட்டேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நான் சொன்ன பொய் என் வயிற்றுக்குள் அப்போதே இருந்திருக்கிறது.

அன்றைக்கு நடந்தது இதுதான். மூன்றாம் நாள் காலையில், தானம் கொடுப்பவர்களிடம் தனியாகப் பேசும் அம்மா ஒருவர் என்னை அழைத்து உட்கார வைத்தார். கதவைச் சாத்தினார். "யாரும் உங்களக் கட்டாயப்படுத்தலயே? உங்க விருப்பத்தோடதானே தர்றீங்க?" என்று கேட்டார். அதுவரை என்னை யாரும் அப்படிக் கேட்கவில்லை. வாயைத் திறந்தேன். "ஆமாம்" வரவில்லை. கடைசியில் "என்னால முடியாது" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான்.

அவர் திட்டவில்லை. "சரிம்மா. தகுதி இல்லைன்னு மட்டும் சொல்லுவோம். காரணம் யாருக்கும் சொல்ல மாட்டோம்" என்றார். அதோடு நான் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். வாசலில் சிட்டு என் பையை வைத்துக்கொண்டு நின்றாள். "என்ன சொன்னாங்க அண்ணி?" என்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் வயிற்றில் ஏதோ இருக்கிறது என்று வந்துவிட்டது. உன்னிடமும் அதையே சொன்னேன்.

பயம்தான். மயக்க மருந்து கொடுத்தால் திரும்ப எழுந்திருக்க மாட்டேன் என்று ஒரு பயம். நீ எழுதியதுபோல நான் மரத்தடியில் ஒளிந்துகொண்டவள்.

இன்னொன்றும் உண்டு. சப்பைக்கட்டு என்று நீ சொல்லலாம், ஆனாலும் சொல்கிறேன். நீ என்னிடம் கேட்கவே இல்லை. டாக்டரிடம் சொன்னாய், ஆபீசில் சொன்னாய், மாடி வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னாய், "எங்கக்கா தர்றா"ன்னு. என்னிடம் மட்டும், எந்தப் பஸ்ஸில் வர வேண்டும் என்று போன் செய்தாய்.

அதன் பிறகு உன் முகத்தில் விழிக்க முடியவில்லை. சிட்டு தன் கிட்னியை உனக்குத் தந்த அன்றைக்கும் நான் வரவில்லை. கடையில் ஆள் இல்லை என்று சொன்னேன். அதற்காக நீ என்னிடம் பேசாமல் இருந்தது எனக்கு உள்ளூர நிம்மதியாகக்கூட இருந்தது.

இதை எல்லாம்விட ஒன்று என்னைத் தூக்கிவாரிப் போடுகிறது. மயக்க மருந்துக்குப் பயந்து உனக்கு முடியாது என்றவள், பொய் வெளியே வந்துவிடக் கூடாது என்பதற்காக அதே மயக்க மருந்துக்குத் தலையை நீட்டினேன். நல்ல பித்தப்பையை அறுத்து எறியத் தேதி வாங்கினேன். உனக்காக வராத தைரியம் அதற்கு வந்தது. நான் எப்படிப்பட்டவள் என்று எனக்கே தெரியவில்லை தம்பி.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் இல்லை. நீ எழுதாவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

அக்கா

மே 19

அக்கா,

ஐந்து வாரம் ஆகிவிட்டது. கோபத்தில் இருக்கிறேன் என்று நினைத்திருப்பாய். சரியாகத்தான் நினைத்தாய்.

பதினாலு மாதம் டயாலிசிஸ் மிஷினில் உட்கார்ந்தேன். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நாலு மணி நேரம். ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணீர்தான். வேலை செய்கிற இடத்தில் யாராவது பாட்டிலைத் திறந்தால் அந்தப் பக்கம் பார்க்காமல் சுவரைப் பார்ப்பேன். சிட்டுவின் எடைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அவளிடம் கிட்னி எடுக்க முடியாது என்று முதலில் சொல்லிவிட்டார்கள். அவள் தினமும் விடிந்ததும் பஸ் டிப்போவைச் சுற்றி ஆறு சுற்று நடந்தாள். பதினோரு கிலோ குறைத்தாள். அவள் நடந்த ஒவ்வொரு சுற்றும் நீ நடக்க வைத்தது என்று கோப்பைப் படித்த அன்றைக்கு எனக்குத் தோன்றியது. "தானம் செய்ய முழுத் தகுதி" என்று போட்டு, கீழே "விருப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்" என்று எழுதியிருந்தார்கள். பதிவேட்டு அறை வாசலிலேயே, போகிற வருகிறவர்கள் வழியில், நின்றுவிட்டேன். ஒருவர் என்னை நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து சிட்டுவிடம் நீட்டினேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். காகிதத்தை வாங்கவில்லை.

"தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"அண்ணி மாட்டேன்னு சொல்லிட்டுதான் வந்தாங்கன்னு. கதவு திறக்கும்போது அந்தம்மா சொன்னது காதுல விழுந்துச்சு. தகுதி இல்லைன்னு மட்டும் சொல்லுவோம், காரணத்த யாருக்கும் சொல்ல மாட்டோம்னு."

நாலு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறாள். ஒரு சொல் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன்.

"சொல்லியிருந்தா நீங்க அடுத்த நாள் மிஷின்ல போய் உக்காந்திருப்பீங்களா? எல்லாம் போச்சுன்னு படுத்திருப்பீங்க. எனக்கு நீங்க உயிரோட வேணும். நியாயத்த அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

சொல்லிவிட்டு மீதித் துணியை மடித்து அலமாரியில் வைத்தாள்.

என்னைப் பற்றி ஒன்று உனக்குச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை என்பதால்தான் ஐந்து வாரம் ஆயிற்று.

உன் முதல் கடிதம் வந்ததே, பித்தப்பையில் ஏதோ முளைத்திருக்கிறது என்று. அதைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது பயமோ கவலையோ இல்லை. சந்தோஷம். ஆமாம். உன் உதடு நடுங்கியதைப் பார்த்த அன்றிலிருந்தே எனக்கு ஒரு சந்தேகம். ஆஸ்பத்திரியில் காரணம் சொல்ல மறுத்தபோது அது இன்னும் ஏறியது. அதை யாரிடமும் சொல்லாமல் மென்று விழுங்கிக்கொண்டிருந்தேன். உன் கடிதத்தைப் பார்த்ததும், அப்பாடா, அக்கா பொய் சொல்லவில்லை என்று குதித்தேன். அடுப்படிக்கு ஓடி, "பாத்தியா, அன்னைக்கே அவளுக்கு இருந்திருக்கு!" என்று சிட்டுவிடம் கத்தினேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் இப்போதுதான் புரிகிறது.

உனக்காக ஓடினேன் என்று நினைக்காதே. எனக்குச் சாட்சி வேண்டியிருந்தது, அதற்காக ஓடினேன். அக்காவுக்குப் புற்றுநோய் ஆகக்கூடிய ஒன்று வந்திருக்கிறது என்று படித்துவிட்டு அடுப்படியில் குதித்த தம்பி நான்.

நான் கேட்கவில்லை என்று எழுதியிருந்தாய். உண்மை. நீ மாட்டேன் என்று சொல்லிவிடுவாய் என்று பயந்துதான் கேட்கவில்லை. எல்லாரிடமும் சொல்லிவிட்டால் நீ பின்வாங்க முடியாது என்று ஒரு கணக்குப் போட்டேன்.

அதனால் இப்போது கேட்கிறேன். நான் அன்றைக்கு உன் வீட்டுக்கு வந்து, எதிரே உட்கார்ந்து, "கிட்னி தருவியாக்கா?" என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? யோசித்து எழுது. எனக்கு ஆறுதலாக எதையும் எழுதாதே.

தம்பி

அக்டோபர் 14

அன்புள்ள தம்பிக்கு,

யோசித்து எழுது என்றாய். ஐந்து மாதம் யோசித்துவிட்டேன்.

இன்றைக்கு ஆறு மாத ஸ்கேன். உன் மாமாவுக்கு முழங்கால் வலி, நான் தனியாகத்தான் போனேன். பேர் கொடுத்துவிட்டுத் திரும்பினால் வரிசை நாற்காலியில் சிட்டு உட்கார்ந்திருக்கிறாள். காலை முதல் பஸ்ஸில் வந்தாளாம். தேதியை மாமாவிடம் கேட்டுக்கொண்டாளாம். உன்னிடம் சொல்லிவிட்டு வந்தாளா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் இரண்டு பேரும் எதிர்ச்சுவரில் இருந்த கை கழுவும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு, "உன் உடம்புலேருந்து போக வேண்டியதில்ல சிட்டு, என்கிட்டேருந்து போயிருக்கணும்" என்றேன்.

"எனக்கும் அன்னைக்குக் கால் நடுங்குச்சு அண்ணி," என்றாள். "ஆனா எனக்கு அந்த அறையிலேருந்து வெளிய வந்தா நிக்க வேற இடம் இல்ல. அதான் உள்ளயே இருந்துட்டேன்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இழுத்துக்கொள்ளவில்லை.

உள்ளே போனேன். அதே சின்னப் பெண். இடது பக்கம் திரும்பச் சொன்னாள், பார்த்தாள், மறுபடி பார்த்தாள். இந்தத் தடவை பேச்சை நிறுத்தவில்லை. ஏழு. அதே ஏழு. சர்ஜன் தாளில் கிறுக்கிவிட்டு, "இனிமே இதுக்காக என்கிட்ட வர வேண்டாம். வலி, மஞ்சள் காமாலை மாதிரி ஏதாவது வந்தா வாங்க. மத்தபடி இத மறந்துடுங்க" என்றார். சிட்டுவை பஸ் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன். வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உன் கேள்விக்குப் பதில். நீ வந்து எதிரே உட்கார்ந்து கேட்டிருந்தால், மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன்.

எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்தேன். உன் முகத்தைப் பார்த்ததும் மனம் இளகி, சரி என்று சொல்லியிருப்பேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் இல்லை. மாட்டேன், பயமாக இருக்கிறது என்று சொல்லியிருப்பேன். நீ கத்தியிருப்பாய். டம்ளரைத் தூக்கி எறிந்திருப்பாய். ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பாய். அதற்கப்புறம் நான் வந்திருப்பேன். மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டதால் எனக்கு ஒளிந்துகொள்ள வேண்டிய தேவை இருந்திருக்காது. கடைக்கு லீவு போட்டுவிட்டு வந்து, அந்த மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து, நாலு மணி நேரமும் உனக்குப் பேச்சுக் கொடுத்திருப்பேன். சிட்டு நடக்கப் போனபோது கூட நடந்திருப்பேன். அவளை உள்ளே கொண்டுபோன அன்றைக்கு வாசலில் அவள் பையை நான் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன்.

கிட்னி தராததற்காக நான் இனி அழப்போவதில்லை. பதினாலு மாதம் வராததற்கு அழுகிறேன்.

நீ குதித்ததைப் பற்றி எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு முதலில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். பிறகு, இவன் நாலு வருஷமாக என்னை நம்ப ஆசைப்பட்டுக்கொண்டிருந்தான் என்று தோன்றியது. அதற்குமேல் எனக்குக் கோபம் வரவில்லை.

இனி எனக்கு ஸ்கேன் கிடையாது. அதைச் சொல்லி உன்னிடம் வர முடியாது, உன்னை வரச் சொல்லவும் முடியாது. அதனால் நேராகவே கேட்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் உன் வீட்டுக்கு வரட்டுமா?

வேண்டாம் என்றாலும் எழுது.

அக்கா